ஹாஷ் அட்டவணைக்கு எத்தனை அறை?

நெட்வொர்க் கார்டுக்கு வந்து சேரும் ஒவ்வொரு பாக்கெட்டும் கர்னலிடம் ஒரு கேள்வியைக் கொண்டுவருகிறது: இது யாருக்கு உரியது? அனுப்பியவரின் ஐபி முகவரி, அனுப்பிய போர்ட், பெறுபவரின் முகவரி, பெறும் போர்ட் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு டிசிபி இணைப்பின் அடையாளம். ஒரு சர்வரில் லட்சம் இணைப்புகள் திறந்திருந்தால், இந்த நான்கும் பொருந்துகிற ஒன்றை அந்த லட்சத்திலிருந்து கண்டெடுத்த பிறகே உள்ளே இருக்கும் தரவு உரிய நிரலின் கைக்குப் போகும்.

தேடக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. வினாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட். அதற்கு முன்னால் வரும் தொடக்கக் குறியும், அடுத்த ஃபிரேமுக்கு முன் விடவேண்டிய இடைவெளியுமாக இன்னும் 20 பைட். மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். இந்த அளவில் இடைவிடாமல் வந்தால் வினாடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட். ஒன்றுக்கு 67.2 நானோவினாடி. பிராசசரின் கேஷில் இல்லாத ஒரு தரவை ராமிலிருந்து எடுத்துவர ஏறத்தாழ 80 முதல் 100 நானோவினாடி பிடிக்கும். ஒரேயொரு முறை ராமுக்குப் போய்வந்தாலே அந்தப் பாக்கெட்டுக்கான நேரம் தீர்ந்துவிடுகிறது. நெட்வொர்க் மென்பொருளில் ஹாஷ் அட்டவணையின் அளவைப் பற்றி இத்தனை கவலை எதற்கு என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

அட்டவணையின் அமைப்பு எளிமையானது. அஞ்சல் நிலையத்தில் பின்கோடு பார்த்துக் கடிதங்களைச் சிறு சிறு அறைகளில் பிரித்துப் போடுவது போல, கர்னல் இணைப்பின் அடையாளத்தை ஒரு கணக்கில் போட்டு ஓர் எண்ணைப் பெறுகிறது. அந்த எண் காட்டும் அறையில் இணைப்பு வைக்கப்படுகிறது. ஒரே அறைக்கு இரண்டு மூன்று வந்து சேர்ந்தால் அவை சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. தேடும்போது முதலில் அறை, பிறகு அந்தச் சங்கிலியில் ஒவ்வொன்றாக ஒப்பிடுதல்.

உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கையை அறைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது நிரப்பு விகிதம். ஹாஷ் கணக்கு நன்றாகக் கலைத்துப் போடுகிறது என்று கொண்டால், விகிதம் 1 ஆக இருக்கும்போது 36.8 விழுக்காடு அறைகள் காலியாகவே கிடக்கும். இன்னொரு 36.8 விழுக்காட்டில் ஒன்று, 18.4 விழுக்காட்டில் இரண்டு, மீதி 8 விழுக்காட்டில் மூன்றோ அதற்கு மேலோ இருக்கும். அறையும் சரக்கும் சம அளவில் இருந்தாலும் ஆளுக்கொன்றாக அமைவதில்லை. இருக்கும் ஒன்றைத் தேடச் சராசரியாக ஒன்றரை ஒப்பீடு போதும். விகிதம் 8 ஆனால் இருப்பதைத் தேட 5 ஒப்பீடு, இல்லாததைத் தேட 8. சங்கிலியில் கோத்தவை நினைவகத்தில் அடுத்தடுத்து இருப்பதில்லை, அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கின்றன. எனவே ஒவ்வொரு ஒப்பீடும் ராமுக்கு ஒரு பயணமாகிவிட வாய்ப்பு உண்டு.

அப்படியானால் அறைகளை அள்ளிக்கொடுத்துவிட்டால் என்ன? விகிதத்தை 1-லிருந்து அரையாகக் குறைத்தால் சராசரி ஒப்பீடு 1.5-லிருந்து 1.25-க்கு இறங்கும். மறுபடி பாதியாக்கினால் 1.125. ஒவ்வொரு முறையும் நினைவகம் இரட்டிப்பாகிறது, ஆதாயமோ பாதியாகச் சுருங்குகிறது. 64 பிட் கணினியில் ஓர் அறைக்கு 8 பைட். 5,24,288 அறைகளுக்கு 4 மெகாபைட். இன்றைய சர்வருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பிராசசரின் உள்கேஷுக்கு அது பெரிய சுமை. முதல் நிலைக் கேஷ் பல பிராசசர்களில் 32 கிலோபைட்தான். அட்டவணை பெருகப் பெருக, அறையைப் பார்ப்பதே ஒரு ராம் பயணமாகிவிடுகிறது. குறைந்த இணைப்புகளுக்குப் பெரிய அட்டவணை வைப்பதும், நிறைய இணைப்புகளுக்குச் சிறிய அட்டவணை வைப்பதும் ஒரே வகையில்தான் தண்டிக்கின்றன. இரண்டாவதன் தண்டனை மட்டும் பல மடங்கு கடுமை.

அறைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய எல்லா இயங்குதளங்களிலும் இரண்டின் அடுக்காகவே இருக்கும்: 512, 1,024, 65,536 என்று. வகுத்து மீதி காண்பதை விட, ஹாஷ் எண்ணின் கடைசிச் சில பிட்டுகளை மட்டும் வெட்டி எடுப்பது பிராசசருக்கு மிக மலிவு. இதற்கு ஒரு விலை உண்டு. பகா எண் அளவுள்ள அட்டவணை மோசமான ஹாஷ் கணக்கையும் ஓரளவு மன்னித்துவிடும். இரண்டின் அடுக்கு மன்னிக்காது. கடைசிப் பிட்டுகள் சரியாகக் கலையவில்லையென்றால், எவ்வளவு பெரிய அட்டவணையிலும் சில அறைகள் மட்டும் நிரம்பி வழியும்.

பாக்கெட் வரும் வழியிலேயே போனால், முதல் ஹாஷ் அட்டவணை மென்பொருளில் இல்லை, கார்டின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. மல்ட்டிகாஸ்ட் முகவரிக்கு வரும் ஃபிரேம்களில் தேவையானவற்றை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி அது. ஏஎம்டியின் லான்ஸ் சில்லில் தொடங்கி ரியல்டெக் 8139 வரை பல கார்டுகளில் இதற்கு 64 பிட்டுகள் மட்டுமே உண்டு. முகவரிக்குச் சிஆர்சி கணக்கிட்டு, அதன் 6 பிட்டுகளால் 64-இல் ஒன்றைத் தேர்ந்து, டிரைவர் அதை 1 ஆக்கி வைக்கிறது. இங்கே சங்கிலியும் இல்லை, ஒப்பீடும் இல்லை. பிட் 1 என்றால் ஃபிரேம் உள்ளே வரும், 0 என்றால் கழிபடும். வேண்டாத முகவரி ஒன்று அதே பிட்டில் விழுந்தால் அதுவும் உள்ளே வந்துவிடும். பிறகு கர்னல் அதைத் தூக்கிப்போட வேண்டும்.

எத்தனை முகவரிகளுக்கு இந்த 64 பிட் தாங்கும்? 10 மல்ட்டிகாஸ்ட் குழுக்களில் சேர்ந்தால் வேண்டாதவற்றில் சுமார் 14.6 விழுக்காடு கசியும். 32 குழுக்களில் சேர்ந்தால் ஏறக்குறைய 40 விழுக்காடு. லினக்ஸின் 8139 டிரைவரில் இந்த எல்லைக்கு ஓர் அளவுரு இருக்கிறது, அதன் இயல்பு மதிப்பு 32. அதைத் தாண்டினால் டிரைவர் வடிகட்டியைக் கைவிட்டு எல்லா மல்ட்டிகாஸ்டையும் உள்ளே விட்டுவிடும். இன்டெலின் இ1000 வகைக் கார்டுகள் பலவற்றில் 4,096 பிட். முகவரியின் கடைசி இரண்டு பைட்டிலிருந்து 12 பிட்டை எடுத்து இடத்தைத் தீர்மானிக்கின்றன. 50 குழுக்களில் சேர்ந்தாலும் கசிவு 1.2 விழுக்காடுதான். டிரைவர் எழுதுபவரால் சில்லின் பிட் எண்ணிக்கையை மாற்ற முடியாது. எந்த இடத்தில் வடிகட்டுவதை நிறுத்துவது என்பதை மட்டுமே அவர் தீர்மானிக்கலாம்.

பல கோர்கள் கொண்ட கணினியில் அடுத்து வருவது, பாக்கெட்டை எந்தக் கோரின் வரிசைக்கு அனுப்புவது என்ற முடிவு. மைக்ரோசாஃப்ட் வகுத்த ஆர்எஸ்எஸ் முறையில் கார்டு முகவரிகளையும் போர்ட்டுகளையும் டோப்லிட்ஸ் ஹாஷில் போட்டு, விடையின் கடைசி 7 பிட்டுகளால் 128 இடங்கள் கொண்ட ஒரு சிறு அட்டவணையைப் பார்க்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு வரிசையின் எண் எழுதப்பட்டிருக்கும். 12 வரிசைகள் இருந்தால் எட்டுக்கு 11 இடங்களும் நான்குக்கு 10 இடங்களும் கிடைக்கும். பெரிய குறையில்லை. 48 வரிசைகள் என்றால் 32 வரிசைகளுக்கு 3 இடம், 16 வரிசைகளுக்கு 2 இடம். போக்குவரத்து எவ்வளவு சீராக வந்தாலும் சில கோர்களுக்கு மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு வேலை. இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் ஹாஷ் கணக்கு அல்ல, அட்டவணையின் சிறுமை. 512 இடங்கள் கொண்ட புதிய கார்டுகளில் இதே 48 வரிசைகளுக்கு 11, 10 என்று பிரிந்து வித்தியாசம் ஒரு பத்து விழுக்காட்டில் அடங்கிவிடுகிறது. கோர்களின் எண்ணிக்கை ஏறியபோது கார்டுகள் இந்த அட்டவணையைப் பெருக்கியது வெறும் அலங்காரம் அல்ல. லினக்ஸில் ஈத்டூல் கட்டளையால் இதைப் பார்க்கவும் மாற்றவும் முடியும்.

2010-இல் கூகுளின் டாம் ஹெர்பர்ட் லினக்ஸில் சேர்த்த ஆர்எஃப்எஸ் இதற்கு ஒரு படி மேலே போகிறது. ஓர் இணைப்பின் தரவைப் படிக்கும் நிரல் எந்தக் கோரில் ஓடுகிறதோ அதே கோருக்குப் பாக்கெட்டையும் அனுப்புவதுதான் அதன் வேலை. அதற்கு வரிசைகளின் தனி அட்டவணைகளோடு ஒரு பொது அட்டவணையும் வேண்டும். இதிலும் சங்கிலி கிடையாது. ஓர் இடத்தில் இரண்டு இணைப்புகள் மோதினால் பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். அழிந்தால் பாக்கெட் தொலைந்துபோகாது, தவறான கோருக்குப் போகும், அவ்வளவுதான். எனவே இந்த அட்டவணையைத் திறந்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கைக்கு அல்லாமல், அந்த நேரத்தில் சுறுசுறுப்பாகப் பேசிக்கொண்டிருப்பவற்றின் எண்ணிக்கைக்கு ஏற்ப அமைத்தால் போதும். மிதமான சுமையுள்ள சர்வருக்கு 32,768 இடம் நன்றாகவே ஓடும் என்கிறது கர்னலின் ஆவணம். 16 வரிசைகள் இருந்தால் ஒவ்வொன்றின் தனி அட்டவணைக்கும் 2,048. இயல்பாக இந்த இரண்டு மதிப்பும் 0. நிர்வாகி எழுதித் தரும் வரை இந்த வசதி தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

நிர்வாகிகளை அதிகம் அலைக்கழித்த அட்டவணை என்றால் அது கான்ட்ராக். ஃபயர்வாலும் முகவரி மாற்றமும் செய்யும் கணினி, தன் வழியாகப் போகும் ஒவ்வோர் இணைப்பையும் நினைவில் வைத்துக்கொள்ளும் இடம் அது. இங்கே இரண்டு தனித்தனி எண்கள் உண்டு. ஒன்று அறைகளின் எண்ணிக்கை, மற்றது அதிகபட்சம் எத்தனை இணைப்புகளை ஏற்கலாம் என்ற உச்சவரம்பு. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான தொல்லை தொடங்குகிறது. உச்சவரம்பு நிறைந்தால் அட்டவணை நிரம்பியது, பாக்கெட் கைவிடப்படுகிறது என்று கர்னல் பதிவில் வரி வரியாக எழுதும். எல்லார் கண்ணிலும் படுவது இந்தச் செய்திதான். உடனே உச்சவரம்பை 20 லட்சத்துக்கு உயர்த்திவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். அறைகள் பழைய 65,536-இலேயே நிற்கும்.

கணக்கு என்ன சொல்கிறது? கான்ட்ராக்கில் ஒவ்வோர் இணைப்பும் இரண்டு இடங்களில் கோக்கப்படுகிறது: போகும் திசைக்கு ஒன்று, திரும்பும் திசைக்கு ஒன்று. உச்சவரம்பு 20,97,152 ஆக இருந்து அது நிறைந்தால் 41,94,304 கண்ணிகள் 65,536 அறைகளில் உட்காரும். ஓர் அறைக்குச் சராசரி 64. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முப்பதுக்கு மேல் ஒப்பீடு. பதிவில் எந்த எச்சரிக்கையும் வராது. பிராசசர் மட்டும் காரணம் தெரியாமல் கொதித்துக்கொண்டிருக்கும். உச்சவரம்பை உயர்த்துபவர் அதே மூச்சில் அறைகளையும் உயர்த்தியாக வேண்டும். கூடுதல் செலவு அறைகளால் வருவதே இல்லை. 20 லட்சம் அறைகளுக்கு 16 மெகாபைட்தான். இணைப்புக் குறிப்புகளோ ஒவ்வொன்றும் சுமார் 300 பைட், நிறைந்தால் 600 மெகாபைட்டைத் தாண்டும்.

இயல்பு அளவைக் கர்னல் கணினியின் நினைவகத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. மொத்த நினைவகத்தை 16,384-ஆல் வகுத்தால் வருவது அறைகளின் எண்ணிக்கை. 1,024-க்குக் குறையாது, 2,62,144-க்கு மேல் போகாது. 4 கிகாபைட்டிலேயே இந்த உச்சியைத் தொட்டுவிடும் என்பதால், 256 கிகாபைட் உள்ள கணினிக்கும் அதே அளவுதான். பழைய கர்னல்களில் இணைப்பு உச்சவரம்பு அறைகளைப்போல் நான்கு மடங்காக வைக்கப்பட்டிருந்தது. புதியவற்றில் இரண்டும் சமம். நிறைந்த நிலையில் சராசரிச் சங்கிலி எட்டிலிருந்து இரண்டாக இறங்கியது. மிக நல்ல திருத்தம் அது.

எல்லாத் தொல்லைக்கும் அளவைப் பெருக்குவதே மருந்து என்று கொள்ளவும் கூடாது. நிலைபெற்ற டிசிபி இணைப்பைக் கான்ட்ராக் மறப்பதற்கான இயல்புக் காலம் 4,32,000 வினாடி, அதாவது 5 நாள். மறுமுனை மின்சாரம் போய் அணைந்துவிட்டாலும் அந்தக் குறிப்பு ஐந்து நாள் அறையை அடைத்துக்கொண்டிருக்கும். அட்டவணை நிரம்பிவிட்டது என்று புகார் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது அதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதைத்தான்.

கான்ட்ராக்கைக் கடந்து பாக்கெட் டிசிபிக்குப் போகிறது. இங்கே வரலாறு சற்று நீளமானது. 1980-களின் பிஎஸ்டி யூனிக்ஸில் இணைப்புகள் அனைத்தும் ஒற்றைச் சங்கிலியில் கிடந்தன. கடைசியாகக் கண்டெடுத்த இணைப்பை மட்டும் தனியே நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பின்னால் வந்தது. ஒரே கோப்பை ஒருவர் இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த பாக்கெட்டும் அதே இணைப்புக்குத்தான் வரும் என்பதால் அது நன்றாக வேலை செய்தது. வங்கிப் பரிமாற்றம் போன்ற பணிகளில் ஆயிரக்கணக்கான பயனர்களிடமிருந்து ஆளுக்கொரு சிறு பாக்கெட் மாறி மாறி வரும்போது அந்தச் சலுகை பயனற்றுப் போனது. சீக்வென்ட் நிறுவனத்தின் பால் மெக்கென்னியும் கென்னத் டவ்வும் 1992-இல் சிக்காம் மாநாட்டில் வெளியிட்ட கட்டுரை இதைக் கணக்கிட்டுக் காட்டியது. 2,000 பயனர்கள் என்றால் ஒற்றைச் சங்கிலியில் ஒரு தேடலுக்குச் சராசரியாக ஆயிரம் ஒப்பீடு. அதையே 19 சங்கிலிகளாகப் பிரித்தால் 53. வெறும் 19 அறை! அட்டவணை அளவைப் பற்றிய விவாதத்தில் அடிக்கடி மறந்துபோகும் பாடம் இது: ஒன்றுமில்லாத நிலையிலிருந்து சில அறைகளுக்குப் போவதில் கிடைக்கும் லாபம், பிறகு எத்தனை இரட்டிப்பு செய்தாலும் கிடைக்காது.

அடுத்த பத்தாண்டில் இயங்குதளங்கள் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நின்றன. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 8, 9 இரண்டிலும் டிசிபி இணைப்பு அட்டவணையின் இயல்பு அளவு 512. விண்டோஸ் 2000-இல் ரெஜிஸ்ட்ரி மதிப்பு 512, 64 முதல் 65,536 வரை மாற்றலாம். ஃப்ரீபிஎஸ்டியிலும் 512. வலைச் சர்வர்கள் பல்லாயிரம் இணைப்புகளைச் சுமக்கத் தொடங்கியபோது இந்த எண் சட்டென்று பழையதாகிப்போனது. மாற்றவேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் எழுதி, கணினியை அணைத்து மறுபடி ஏற்ற வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி பின்னாளில் சாக்கெட் உச்சவரம்பைப் பார்த்துத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் முறைக்கு மாறியது.

லினக்ஸ் தொடக்கத்திலேயே தன் முடிவை அறிவித்துவிடுகிறது. 8 கிகாபைட் நினைவகமுள்ள கணினியின் தொடக்கப் பதிவில், நிலைபெற்ற டிசிபி இணைப்புகளுக்கான வரியில் 65536 அறை, ஆர்டர் 7, 524288 பைட் என்று காணலாம். 128 கிலோபைட் நினைவகத்துக்கு ஓர் அறை என்பது விதி. 8 கிகாபைட்டை 128 கிலோபைட்டால் வகுத்தால் 65,536. அறைக்கு 8 பைட் வீதம் 5,24,288 பைட். 4,096 பைட் பக்கங்களாக 128, அது இரண்டின் ஏழாம் அடுக்கு. ஆர்டர் 7 என்பது அதைத்தான் குறிக்கிறது. 64 கிகாபைட்டில் விதி தன் உச்சமான 5,24,288 அறையைத் தொடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு நினைவகம் இருந்தாலும், துவக்க வரியில் டிஹாஷ் என்ட்ரீஸ் என்ற அளவுருவை எழுதாமல் அது வளராது.

அந்த அளவுருவைத் தொடுமுன் அதிலிருந்து பிறக்கும் வேறு எண்களையும் பார்க்க வேண்டும். டைம்-வெயிட் நிலையில் நிற்கும் இணைப்புகளின் உச்சவரம்பு அறைகளில் பாதி. 65,536 அறை என்றால் 32,768. பாதியில் நிற்கும் புதிய இணைப்புகளின் வரிசைக்கான எல்லை அறைகளை 128-ஆல் வகுத்தது, இங்கே 512. முடிந்த இணைப்பு லினக்ஸில் 60 வினாடி டைம்-வெயிட்டில் நிற்கும். வினாடிக்கு 5,000 குறுகிய இணைப்புகளை ஏற்று, தானே முதலில் மூடும் சர்வரில் எந்த நேரமும் 3 லட்சம் இப்படி நிற்கப் பார்க்கும். 32,768 தாண்டியதும் கர்னல் டைம்-வெயிட் அட்டவணை வழிகிறது என்று எழுதிவிட்டு, மீதியைக் காத்திருக்காமல் மூடிவிடுகிறது. அந்தச் செய்தியைக் கண்டு உச்சவரம்பை மட்டும் 10 லட்சமாக்கினால், அதே 65,536 அறைகளில் 3 லட்சமும் உட்காரும், ஓர் அறைக்கு நாலரைக்கு மேல். இயல்பு நிலையில் கர்னல் இந்த இரண்டையும் கட்டிப்போட்டிருந்தது. கட்டை அவிழ்ப்பவர் இரண்டையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

புதிய இணைப்பு கேட்டு வரும் பாக்கெட் நிலைபெற்றவற்றில் தேடிக் கிடைக்காமல், கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட்டுகளின் அட்டவணைக்குப் போகிறது. நெடுங்காலம் அதில் 32 அறைகள்தான் இருந்தன. சர்வர் ஒன்றில் கேட்கும் போர்ட்டுகள் பத்தோ இருபதோ என்பதால் அது போதும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த அட்டவணை போர்ட் எண்ணை மட்டும் பார்த்தது, முகவரியைப் பார்க்கவில்லை. டிஎன்எஸ் சேவைக்காக ஒரே கணினியில் ஆயிரக்கணக்கான ஐபி முகவரிகளில் 53-ஆம் போர்ட்டைத் திறந்தால் அத்தனையும் 21-ஆம் அறையில் ஒரே சங்கிலியாகிவிடும். அறை எண் என்பது போர்ட் எண்ணின் கடைசி 5 பிட், 53-ஐ 32-ஆல் வகுத்த மீதி 21. சம்பந்தமே இல்லாத 63,925-ஆம் போர்ட்டும் அதே மீதியில் விழுவதால், அங்கே வரும் பாக்கெட்டும் அந்த முழுச் சங்கிலியையும் கடக்க வேண்டும். இங்கே 32-ஐ 32 ஆயிரமாக்கினாலும் 53-ஆம் போர்ட்டின் சங்கிலி ஒரு கண்ணிகூடக் குறையாது. மாற்ற வேண்டியது எதைக் கொண்டு ஹாஷ் கணக்கிடுகிறோம் என்பதை. முகவரியையும் போர்ட்டையும் சேர்த்துப் பார்க்கும் இரண்டாவது அட்டவணை பின்னர் லினக்ஸில் வந்தது. யுடிபியில் இதே காரணத்துக்காக அத்தகைய இரண்டாம் அட்டவணை முன்பே வந்துவிட்டது. போர்ட் அறையில் பத்துக்கு மேல் சாக்கெட் சேர்ந்தால் கர்னல் அதற்குத் தாவும்.

இதுவரை சொன்ன கணக்குகள் எல்லாம் போக்குவரத்து தற்செயலாகப் பரவுகிறது என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. தாக்குபவர் அந்த நம்பிக்கையை உடைக்கலாம். 2003-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் இதை விரிவாக நிறுவினார்கள். ஹாஷ் கணக்கு வெளியில் தெரிந்ததாக இருந்தால், ஒரே அறையில் விழும் முகவரிகளை முன்கூட்டியே கணக்கிட்டு அனுப்பலாம். அதே ஆண்டு லினக்ஸ் 2.4-இல், பாக்கெட் போகவேண்டிய வழியை நினைவில் வைக்கும் ரூட்டிங் கேஷிலும் கான்ட்ராக்கிலும் இந்தக் குறை வெளிப்பட்டது. போலி முகவரிகளோடு மெதுவாக வரும் பாக்கெட்டுகளே பிராசசரை முழுவதும் விழுங்கிவிடக்கூடிய நிலை. அட்டவணையைப் பெருக்குவதால் இதற்குப் பாதுகாப்பு கிடைக்காது. கணினி ஏறும்போது தேர்ந்தெடுக்கும் ஓர் இரகசிய எண்ணை ஹாஷில் கலப்பதே தீர்வு. பாப் ஜென்கின்ஸின் வேகமான ஹாஷ் அப்படித்தான் பயன்பட்டது. 2012-இல் ஓமாசோனும் பெர்ன்ஸ்டைனும் உருவாக்கிய சிப்ஹாஷ் இன்னும் உறுதியானது, 2017-இல் லினக்ஸ் கர்னலுக்குள் வந்தது. ஃப்ரீபிஎஸ்டிக்காக ஜோனதன் லெமன் எழுதிய, பாதியில் நிற்கும் புதிய இணைப்புகளுக்கான சின்கேஷ் வேறொரு காப்பையும் சேர்த்துக்கொண்டது: 512 அறை, அறைக்கு 30-க்கு மேல் இல்லை, மொத்தம் 15,360. சங்கிலி நீளத்துக்கே கூரை போட்டுவிட்டால், மிக மோசமான நாளிலும் ஒரு தேடலின் செலவு தெரிந்த எல்லைக்குள் நிற்கும்.

ரூட்டிங் கேஷின் கதை வேறு விதமாக முடிந்தது. அதன் அளவு, சுத்தம் செய்யும் இடைவெளி, இரகசிய எண்ணை மாற்றும் காலம் என்று திருகுவதற்குப் பல குமிழ்கள் இருந்தன. எப்படித் திருகினாலும், புதுப்புது முகவரிகளை வீசும் ஒருவர் அதை நிரப்பிவிட முடிந்தது. 2012-இல் லினக்ஸ் 3.6-இல் டேவிட் மில்லர் அந்தக் கேஷையே அகற்றினார். முன்னொட்டு மரத்தில் நேரடியாகத் தேடுவது அதன் இடத்தைப் பிடித்தது. மரத் தேடலின் செலவு வருகிற பாக்கெட்டுகளைப் பொறுத்து ஏறுவதில்லை. அட்டவணையின் அளவைச் சரிசெய்வதில் பல ஆண்டுகள் செலவான ஓர் இடத்தில், அட்டவணையே வேண்டாம் என்பதுதான் சரியான விடையாக இருந்தது.

மீதி இடங்களில் கேள்வி இப்படி மாறியிருக்கிறது: அளவை ஏன் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்? ஓடும்போதே வளர்ந்து சுருங்கும் அட்டவணையில் சிக்கல், பழைய அறையிலிருந்து புதிய அறைக்கு மாறும் அந்த இடைவெளியில், பூட்டு எதுவும் போடாமல் தேடிக்கொண்டிருக்கும் மற்றக் கோர்கள் வழிதவறக் கூடாது என்பது. ஜாஷ் டிரிப்லெட், பால் மெக்கென்னி, ஜோனதன் வால்போல் மூவரும் 2011-இல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். மெக்கென்னிதான் 19 சங்கிலிக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். 2014-இல் தாமஸ் கிராஃப் அதை ஆர்ஹாஷ்டேபிள் என்ற பெயரில் லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். அறைகளில் 75 விழுக்காட்டுக்கு மேல் சரக்கு சேர்ந்தால் இரட்டிக்கும், 30-க்குக் கீழே போனால் சுருங்கும். கர்னலும் நிரல்களும் பேசிக்கொள்ளும் நெட்லிங்க் உள்ளிட்ட பல பகுதிகள் இதையே நம்பியிருக்கின்றன. இலவசம் அல்ல: தேடியது கிடைக்காதபோது, மாற்றம் நடந்துகொண்டிருக்கிறதா, புதிய அட்டவணையிலும் பார்க்க வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

டிசிபியின் முதன்மை அட்டவணை இன்றும் ஏறும்போது நிர்ணயித்த அளவிலேயே நிற்கிறது. கன்டெய்னர்கள் பெருகியதால் அதற்கு ஒரு புதிய நெருக்கடி வந்தது. ஒரே கணினியில் கன்டெய்னர்களுக்கான தனி நெட்வொர்க் வெளிகளாக நூற்றுக்கணக்கான நேம்ஸ்பேஸ்கள் இந்த ஒரே அட்டவணையைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று இணைப்புகளைக் குவித்தால் எல்லாருடைய சங்கிலியும் நீளும். ஒரு நேம்ஸ்பேஸை மூடும்போது அதன் டைம்-வெயிட் மிச்சங்களைத் துடைக்க, கர்னல் 5,24,288 அறைகளையும் ஒரு சுற்று பார்த்துவர வேண்டியிருந்தது. 2022-இல் வந்த லினக்ஸ் 6.1 ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் தனி அட்டவணை தர வழி செய்தது. தாய் நேம்ஸ்பேஸில் ஒரு மதிப்பை எழுதினால், அடுத்துப் பிறக்கும் நேம்ஸ்பேஸுக்கு அந்த அளவில் அட்டவணை கிடைக்கும். எதுவும் எழுதாவிட்டால் மதிப்பு 0, பழையபடி பொது அட்டவணையே.